மொழி படிக்கும் விசாக்கள்: வன்னியிலிருந்து பார்த்தால் எது தேறும்?

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரத்திலும் வவுனியா பஸ் நிலையத்தைச் சுற்றியும் தொங்குகிற பதாகைகளில் "ஸ்ருடன்ட் விசா" என்ற ஒரே சொல்தான் இருக்கும். பட்டப்படிப்புக்குக் கிடைக்கிற விசாவும், மொழி மட்டும் படிக்கக் கிடைக்கிற விசாவும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. மொழி விசா வேறு சாதி. காலம் குறைவு, நோக்கம் ஒன்றே ஒன்று, சில நாடுகளில் ஒரு மணித்தியாலம்கூட வேலை செய்ய முடியாது. அதனால் ஒவ்வொரு விசாவையும் ஒரே கேள்வியை வைத்து எடைபோட்டிருக்கிறோம்: கடைசி வகுப்பு முடிகிற நாளில் அந்தப் பிள்ளைக்கு அடுத்த படி இருக்குமா, அல்லது கடன் மட்டும் இருக்குமா?

முதலில் யப்பான். இங்கே அதிகம் விற்கப்படுவது அதுதான், சரியாகச் செய்தால் பலன் தருவதும் அதுதான்.

யப்பானில் மொழிப் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரே மாணவர் விசாத்தான். விண்ணப்பம் தூதரகத்தில் தொடங்குவதில்லை. அங்குள்ள பாடசாலைதான் பிள்ளையின் சார்பில் தன் பிரதேசக் குடிவரவு அலுவலகத்தில் தகுதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும். எல்லோரும் சி.ஓ.இ. என்று சொல்வது இதைத்தான். உண்மையான சோதனை இந்தக் கட்டத்தில் முடிந்துவிடும், கொழும்பில் விசா குத்துவது பெரும்பாலும் அதன் தொடர்ச்சி. சி.ஓ.இ. வெளியான நாளிலிருந்து 3 மாதத்துக்குள் யப்பானில் இறங்கிவிட வேண்டும். தூதரகம் விசாவை மறுத்தால் அதே நோக்கத்துக்கு 6 மாதம் திரும்ப விண்ணப்பிக்க முடியாது.

வகுப்பு ஏப்ரல், ஜூலை, ஒக்டோபர், ஜனவரி என நான்கு மாதங்களில் தொடங்கும். எந்த மாதம் போனாலும் ஒன்றுதான் என்று நினைப்பது பிழை. அங்கே கல்லூரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் மொழிப் பாடசாலைகள் மார்ச்சில் முடிகிற மாதிரியே பாடத்தை அமைக்கின்றன. ஏப்ரலில் போகிறவருக்கு 2 வருடம் கிடைக்கும், ஜூலையில் போனால் 1 வருடம் 9 மாதம், ஒக்டோபரில் 1 வருடம் 6 மாதம், ஜனவரியில் 1 வருடம் 3 மாதம். தொழில்நுட்பக் கல்லூரியில் சேரப் பொதுவாக என்2 அளவு மொழி தேவை (யப்பானிய மொழிப் பரீட்சையில் என்5 தொடக்கம், என்1 உச்சம்). கஞ்சி எனப்படும் யப்பானியச் சித்திர எழுத்தே தெரியாமல் ஜனவரியில் போகிற பிள்ளை 15 மாதத்தில் என்2 எடுப்பது மிகக் கடினம். மொழியில் இப்போதுதான் கால் வைக்கிறவர் ஏப்ரலுக்குப் போவதே நல்லது. என்4 முடித்தவர் ஒக்டோபருக்குப் போகலாம்.

தகுதியைப் பொறுத்தவரை 12 வருடப் பாடசாலைக் கல்வி கேட்பார்கள். ஓ.எல். உடன் நின்றவருக்கு 11 வருடம்தான் ஆகிறது, ஏ.எல். வரை படித்திருக்க வேண்டும். அதோடு ஏறத்தாழ 150 மணித்தியாலம் யப்பானிய மொழி படித்த சான்று, அல்லது என்5 போன்ற ஒரு பரீட்சைச் சித்தி. ஏ.எல். முடித்து ஐந்தாறு வருடம் கழித்துப் போகிறவர் அந்தக் காலத்தில் என்ன செய்தார் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அந்த இடைவெளியை வெறுமையாக விட்ட விண்ணப்பங்கள் எளிதில் விழுகின்றன.

வேலை அனுமதி கிழமைக்கு 28 மணித்தியாலம். அனுமதிப் படிவத்தை விமான நிலையத்தில் இறங்கும்போதே கொடுத்துவிடலாம். இரண்டு இடத்தில் வேலை செய்தாலும் இரண்டையும் கூட்டித்தான் 28. "அங்க போய் உழைச்சுக் கட்டலாம்" என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். மணிக்கு 1,100 யென் என்று வைத்தால் மாதம் 112 மணித்தியாலத்துக்கு 123,200 யென் வரும். பாடசாலைக் கட்டணம் வருடத்துக்கு 7 முதல் 9 இலட்சம் யென் வரை. 8 இலட்சம் என்று எடுத்தால் மாதத்துக்கு ஏறத்தாழ 67,000. மிஞ்சுவது 56,000 யென். அறை வாடகை, சாப்பாடு, காப்புறுதி, தொலைபேசி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். வட்டிக்கு எடுத்த காசைத் திருப்பிக் கட்ட அதில் இடமில்லை. கட்ட நினைத்து 28ஐத் தாண்டி வேலை செய்கிற பிள்ளைக்கு வகுப்பு வரவு குறையும், வரவு குறைந்தால் விசா நீடிப்பு மறுக்கப்படும். முதல் வருடக் கட்டணம் முழுவதும், அதோடு ஆறு மாதச் செலவும் இங்கிருந்தே கையில் இருந்தால்தான் இந்த வழி தேறும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளையின் உண்மையான நோக்கம் வேலை என்றால் மொழிப் பாடசாலைக்கு 16 இலட்சம் ரூபா கட்டுவது சுற்றுவழி. 2019இல் இலங்கையும் யப்பானும் குறித்த திறன் தொழிலாளர் திட்டத்துக்கு உடன்படிக்கை செய்தன. என்4 அளவு மொழிப் பரீட்சையும் போகிற துறைக்குரிய பரீட்சைகளும் சித்தியடைந்தால், வேலை விசாவிலேயே போகலாம். மொழியை வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்து என்4 வரை படிக்கிற செலவு, யப்பானில் ஒரு தவணைக்குக் கட்டுகிற செலவை விடக் குறைவு.

இனி எந்த நாட்டுக்குப் போனாலும் வன்னி விண்ணப்பங்கள் விழுகிற இடங்கள். பெரும்பாலும் தொகை குறைவென்று விழுவதில்லை, காசு எங்கிருந்து வந்தது என்று காட்ட முடியாமல்தான் விழுகின்றன. தகப்பனுக்கு ஐந்து ஏக்கர் வயல், இரண்டு போகமும் விதைப்பு, வருடத்துக்கு நல்ல வருமானம். ஆனால் நெல்லை வாடியிலேயே வியாபாரிக்குக் கொடுத்துக் காசாக வாங்கியிருப்பார், வங்கிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இருக்காது. விண்ணப்பத்துக்கு இரண்டு கிழமை முன்னர் 30 இலட்சம் ஒரேயடியாகக் கணக்கில் விழும். அதிகாரி முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். கணக்கில் காட்டுவதற்காக மட்டும் மூன்று மாத வட்டிக்கு எடுத்துப் போட்ட காசுக்கும் இதற்கும் அவர் கண்ணில் வித்தியாசமில்லை.

இதைச் சரிசெய்ய ஒரு வருடமாவது முன்னதாகத் தொடங்க வேண்டும். ஆலையில் நெல் கொடுக்கும்போது எடை, விலை, திகதி எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். அன்றைக்கோ மறுநாளோ அந்தத் தொகையை வங்கியில் போடுங்கள். கமநல சேவை நிலையத்தில் எத்தனை ஏக்கர் செய்கை என்று உறுதிப்படுத்தும் கடிதம் எடுங்கள். சீட்டில் உள்ள தொகையும், வங்கிப் பதிவும், ஏக்கர் கணக்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கால்நடை, கடை, மீன்பிடி வருமானத்துக்கும் இதே முறைதான்.

வெளிநாட்டில் இருக்கிற மாமாவோ சித்தப்பாவோ காசு கொடுக்கிறார் என்றால் அது உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறுகிற வழியில், வரவே கூடாது. உண்டியல் காசு வீட்டுக்கு வந்து சேரும், காகிதம் வந்து சேராது. மாதாமாதம் சிறு தொகையென்றாலும் வங்கி வழியாக, அனுப்புகிறவரின் பெயர் தெரிகிற மாதிரி வரட்டும். மாமாவுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவைக் காட்ட அம்மாவின் பிறப்புச் சான்றிதழும் மாமாவின் பிறப்புச் சான்றிதழும் தேவைப்படும் என்பதையும் இப்போதே சொல்லி வையுங்கள்.

காணிப் பெறுமதி காட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. வன்னியில் பெருமளவு காணி காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணி. அரச சம்மதமில்லாமல் விற்கவோ கைமாற்றவோ முடியாது. அப்படிப்பட்ட காணிக்கு மதிப்பீட்டு அறிக்கை எடுத்து வைத்தாலும் அது கையில் எடுக்கக்கூடிய பணமாகக் கணக்கில் வராது. துணை ஆவணமாக வைக்கலாம், அதை நம்பி வங்கி மீதியைக் குறைக்கக் கூடாது.

அடுத்தது பெயர். பிறப்புச் சான்றிதழ் தமிழில், அடையாள அட்டையில் ஒரு ஆங்கில எழுத்துக்கூட்டு, ஓ.எல். பெறுபேற்றில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மற்றொன்று. கந்தசாமி என்ற தகப்பன் பெயர் ஓரிடத்தில் "டி" எழுத்தோடும் இன்னோரிடத்தில் "டி, எச்" இரண்டோடும் வந்தால் யப்பானியப் பாடசாலை அது இரண்டு ஆளா என்று கேட்கும். கடவுச்சீட்டின் எழுத்துக்கூட்டைத் தாயாக வையுங்கள். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது கடவுச்சீட்டின் பிரதியைக் கையில் கொடுத்து, "இதில உள்ள மாதிரியே எழுதுங்கோ" என்று கேளுங்கள். மாற்ற முடியாத பழைய பத்திரத்துக்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சத்தியக்கடதாசி. முதலெழுத்து மட்டும் உள்ள பத்திரங்களில் அந்த எழுத்து எதைக் குறிக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடலாம்.

யப்பானியப் படிவத்தில் ஒவ்வொரு பாடசாலையிலும் சேர்ந்த, விலகிய மாதமும் வருடமும் கேட்கப்படும். 2009இல் கீழ்வகுப்பில் இருந்த பிள்ளைகளுக்கு இது சும்மா நிரப்புகிற கட்டமல்ல. இடப்பெயர்வில் மூன்று நான்கு பாடசாலை, பிறகு செட்டிக்குளம் முகாமில் வகுப்பு, மீள்குடியேறிய பிறகு பழைய பாடசாலை என்று போயிருக்கும். முகவர்கள் இதை மறைத்து ஒரே பாடசாலையில் படித்ததாக எழுதுவதுண்டு. விடுகைப் பத்திரத்தின் திகதி வேறாக இருக்கும், பிழைத்துவிடும். நடந்ததை நடந்தபடி எழுதி, ஒரு பக்க விளக்கக் கடிதமும் அதிபரின் உறுதிக் கடிதமும் வைப்பதே பாதுகாப்பு. இந்தப் பிள்ளைகளுக்கு இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அலைச்சல் குறைந்திருப்பது நல்ல செய்தி. கடவுச்சீட்டுக்கு வவுனியா பிராந்திய அலுவலகம் இருக்கிறது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலும் ஒன்று திறந்தார்கள். சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000. சான்றிதழ்களுக்கு வெளிவிவகார அமைச்சின் உறுதிப்படுத்தலையும் யாழ்ப்பாணத்தில் உள்ள கொன்சியூலர் அலுவலகத்தில் எடுக்கலாம். பொலிஸ் அறிக்கைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம், அதில் இருந்த இடங்கள் எல்லாவற்றையும் திகதியோடு போட வேண்டும். கொழும்புக்கு இரவு பஸ் எடுக்க வேண்டியது விசா விண்ணப்பத்துக்கும் கைரேகைக்கும்தான்.

ஜேர்மனிக்கு வருவோம். வதிவிடச் சட்டத்தின் 16எஃப் பிரிவுதான் மொழி வகுப்பு விசா. கிழமைக்குக் குறைந்தது 18 பாட மணித்தியாலம் உள்ள தீவிர வகுப்பாக இருக்க வேண்டும். மாலை வகுப்பும் சனி, ஞாயிறு வகுப்பும் செல்லாது. அதிகபட்சம் 12 மாதம். 2024 மார்ச்சிலிருந்து கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யவும் அனுமதி உண்டு, அதற்கு முன் அது இருக்கவில்லை. விசாக் கட்டணம் 75 யூரோ.

காசுக்கு இரண்டு வழி. ஒன்று, முடக்கிய கணக்கு. மொழி வகுப்புக்கு மாதம் 1,091 யூரோ வீதம், 10 மாத வகுப்பென்றால் 10,910 யூரோ முன்கூட்டியே போட வேண்டும், அது 38 இலட்சம் ரூபாவைத் தொடும். அந்தக் காசு போய்விடாது, அங்கே போன பிறகு மாதாமாதம் பிள்ளையின் கைக்கு வரும். மற்றது, ஜேர்மனியில் உள்ள உறவினர் தன் நகர வெளிநாட்டினர் அலுவலகத்தில் கையெழுத்திடும் பொறுப்பேற்புப் பத்திரம். கட்டணம் 29 யூரோ. மலிவாக இருக்கிறதென்று மாமாவிடம் சும்மா கேட்டுவிடாதீர்கள். அந்தக் கையெழுத்து அவரை 5 வருடத்துக்குக் கட்டும். பிள்ளைக்காக அரசு செலவழித்தால் அவரிடம் அறவிடும். அவருடைய சம்பளச் சீட்டு, வாடகை, வீட்டில் உள்ள ஆட்கள் எல்லாவற்றையும் பார்த்த பிறகே அலுவலகம் அவருக்கு வசதி உண்டு என்று குறிப்பெழுதும். அந்தக் குறிப்பு இல்லாத பத்திரத்துக்குப் பெறுமதி குறைவு. நோக்கம் "சந்திப்பு" என்று எழுதப்பட்டிருந்தாலும் பயனில்லை, மொழி வகுப்பு என்று இருக்க வேண்டும்.

இந்த விசாவில் மறுப்புக்குப் பெரிய காரணம், "டொச்சை (ஜேர்மன் மொழியை) ஏன் ஜேர்மனியில் வந்து படிக்க வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமை. கொழும்பில் டொச் படிப்பிக்கிற கோதே நிறுவனம் இருக்கும்போது ஏ1 என்ற தொடக்கநிலை கூட இல்லாமல் விண்ணப்பித்தால் நம்ப மாட்டார்கள். ரியூஷன் நிலையத்தின் சான்றிதழும் போதாது, கோதே பரீட்சைச் சான்றிதழ் வேண்டும். 2025 ஜூலை 1இலிருந்து மறுப்புக்கு எதிராகத் தூதரகத்துக்கே எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழியையும் மூடிவிட்டார்கள். இனிப் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பேர்லின் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். முதல் விண்ணப்பமே முழுமையாக இருக்க வேண்டும் என்பது இப்போது முன்னையதை விட உண்மை.

எங்கள் மதிப்பீட்டில், ஜேர்மனிக்குப் போக நினைக்கிற 20 வயதுப் பிள்ளைக்கு 16எஃப் இரண்டாந்தரம். டொச்சை இங்கேயே பி1 என்ற இடைநிலை வரை படித்து, தொழிற்பயிற்சி இடம் எடுத்து அந்த விசாவில் போனால் பயிற்சிக் காலத்திலேயே சம்பளம் வரும். மொழி விசாவில் போய் அங்கே வேறு விசாவுக்கு மாற்றலாம் என்ற நம்பிக்கையில் 38 இலட்சத்தை வைப்பது ஆபத்து. பல்கலைக்கழகம்தான் இலக்கு என்றால் அதையும் விண்ணப்பத்திலேயே சொல்லி, அதற்குரிய விசாவைக் கேட்க வேண்டும்.

பிரான்சின் நீண்டகால மாணவர் விசா சட்டத்தில் தாராளமானது. மாதம் 615 யூரோ காட்டினால் போதும், வருடத்துக்கு 964 மணித்தியாலம் வேலை செய்யலாம், இறங்கி 3 மாதத்துக்குள் இணையத்தில் விசாவைப் பதிவு செய்ய வேண்டும். கஷ்டம் முன்வாசலில். பிரெஞ்சு அடிப்படை கொஞ்சமும் இல்லாமல், அங்கே நெருங்கிய சொந்தம் மட்டும் இருக்கிற பிள்ளையின் படிப்பு நோக்கத்தை அதிகாரி சந்தேகிப்பார். தங்குமிடம் தருகிறேன் என்ற உறவினரின் கடிதம் தங்குமிடத்துக்கு மட்டும், செலவுக்குத் தனிச் சான்று வேண்டும். ஒரு வருடம் முடிந்து நீடிக்கும்போது பரீட்சைச் சித்தியும் வகுப்பு வரவும் கேட்பார்கள்.

தென்கொரியாவின் டி-4 மொழி விசா பல்கலைக்கழக மொழி நிலையங்களுக்கு. ஒரு தவணை 10 கிழமை, 200 மணித்தியாலம், ஒரு படிநிலை. ஆறு படிநிலையும் ஏறினால் பட்டப்படிப்புக்குப் போகலாம், கல்வித்தரம் உறுதியானது. வங்கியில் 1 கோடி வொன் காட்ட வேண்டும். வேலை அனுமதி முதல் 6 மாதத்துக்கு இல்லை. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நடத்துகிற கொரிய மொழிப் பரீட்சையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம், அது தொழிற்சாலை வேலைக்கான ஈ-9 விசா.

லண்டனின் குறுகியகால ஆங்கிலப் படிப்பு விசாவை நாங்கள் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம். 6 முதல் 11 மாதம், கட்டணம் 2025இல் 214 பவுண், சுகாதார வரி தனி. கூலிக்கும் இல்லை, கூலியில்லாமலும் இல்லை, எந்த வேலையும் செய்ய முடியாது. நீடிக்கவும் முடியாது, உள்ளே இருந்து மாணவர் விசாவுக்கு மாறவும் முடியாது. யாழ்ப்பாணத்தில் பிரிட்டிஷ் கவுன்சில் இருக்கும்போது ஆங்கிலத்துக்காக இவ்வளவு செலவு வேண்டியதில்லை. கனடாவிலும் ஆங்கில வகுப்பு மட்டும் படிக்கிறவருக்கு வளாகத்துக்கு வெளியே வேலை அனுமதி இல்லை. அவுஸ்திரேலியாவில் வேலை அனுமதி உண்டு, இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம். ஆனால் விசாக் கட்டணம் மட்டும் 2,000 அவுஸ்திரேலிய டொலர், மறுத்தால் திரும்பி வராது, வருடச் செலவுக்கு 29,710 டொலர் காட்ட வேண்டும்.

முகவர் சேவைக்கு வருவோம். நல்ல முகவர் செய்கிற வேலை உண்மையில் பெறுமதியானது: பாடசாலையோடு பேசுவது, ஆவணப் பட்டியலைச் சரிபார்ப்பது, நேர்காணலுக்குத் தயார்படுத்துவது. ஆனால் பல யப்பானிய மொழிப் பாடசாலைகள் முகவருக்குத் தாங்களே கழிவு கொடுக்கின்றன. அதனால் பெரிய தொகை கேட்கிறவரிடம் அது எதற்கென்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். சுவரில் தொங்குகிற பணியகத்தின் உரிமம் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கானது, மாணவர் விசாவுக்கு அது உத்தரவாதமல்ல. பாடசாலைக் கட்டணம் சி.ஓ.இ. வந்த பிறகே, பாடசாலையின் பெயரில் உள்ள கணக்குக்கு நேரடியாக வங்கி மூலம் போக வேண்டும். விசா மறுத்தால் விண்ணப்பக் கட்டணமும் சேர்வுக் கட்டணமும் போக மீதியைத் திருப்பித் தருவது பாடசாலைகளின் வழமை. முகவரின் கைக்குக் கொடுத்த காசை அப்படிக் கேட்க முடியாது.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்குகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அனுப்பிய விண்ணப்பத்தின் முழுப் பிரதியும் வீட்டில் இருக்க வேண்டும், ஏனென்றால் பாடசாலை நேர்காணலில் பிள்ளையோடு தகப்பனையும் கேட்பார்கள். வருட வருமானம் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு, பாடசாலை எந்த நகரத்தில் என்ற மூன்றுக்கும் அவர் தடுமாறினால், படிவத்தை வேறு யாரோ நிரப்பியது தெரிந்துவிடும். "பாங்க் ஸ்டேற்மென்ற் நாங்க செய்து தாறம்" என்று சொன்னால் அது போலிப் பத்திரம். பிடிபட்டால் முகவர் கடையை மூடிக்கொண்டு போவார், தடை பிள்ளையின் பெயரில் விழும்: பிரித்தானியாவில் 10 வருடம் வரை, கனடாவில் 5 வருடம், அவுஸ்திரேலியாவில் 3 வருடம்.

யப்பானுக்குப் போக முடிவெடுத்த விவசாயக் குடும்பத்துக்கு நாட்காட்டி தோதாகவே அமைந்திருக்கிறது. காலபோக நெல் பெப்ரவரி, மார்ச்சில் விலைப்படும், ஒக்டோபர் வகுப்புக்கு பாடசாலைகள் மார்ச், ஏப்ரலில் ஆவணம் கேட்கத் தொடங்கும். சிறுபோகம் ஓகஸ்ட், செப்டெம்பரில் அறுவடை, ஏப்ரல் வகுப்புக்கான ஆவணங்கள் செப்டெம்பர், ஒக்டோபரில் போக வேண்டும். ஏப்ரலை இலக்கு வைத்தால், அதற்கு முந்திய இரண்டு போகத்தின் காசும் சீட்டோடு வங்கியில் ஏறியிருக்கும்படி பாருங்கள். இந்தக் காலபோகத்தின் முதல் மூட்டைக்கே சீட்டு வாங்கத் தொடங்கலாம்.